முகப்பருக் களிம்பும் மலை வெயிலும்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முகப்பரு ஒரு வியாதியாகவே தோன்றுவதில்லை. "வயசுக் கோளாறு, கல்யாணமானால் தானே போய்விடும்" என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் அந்த வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் கண்ணாடி முன் நிற்பதே பெரிய வேதனை. பரு அடங்கிய பின்னும் அது இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கிறது. வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காததால் பிள்ளைகள் தாங்களாகவே வழி தேடிக்கொள்கிறார்கள். விடுதித் தோழி ஒரு க்ரீமின் பெயரைச் சொல்கிறாள். அழகு நிலையத்தில் இன்னொரு பெயரைச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்படி வாங்கப்படும் ட்யூபுகள் பலவற்றில் இருப்பது ரெட்டினாய்டு என்னும் மருந்து. முகப்பருவுக்கும் அது விட்டுச்செல்லும் கரும்புள்ளிக்கும் உலகெங்கும் தோல் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் நல்ல மருந்து அது. ஆனால் அதை இரவில் பூச வேண்டும். கொஞ்சமாகப் பூச வேண்டும். பகலில் முகத்தை வெயிலிலிருந்து காக்க வேண்டும். பலனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நான்கையும் அறியாமல் பூசினால், போக்க நினைத்த புள்ளியைவிடப் பெரிய கருமை வந்து சேரும்.

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதன் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்துவிடும் பழக்கம் அந்த வேலையில் வந்தது. தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்திக்காக ஒரு தோல் டாக்டரிடம் துணைக்குப் போய்வர நேர்ந்தது. அங்கே கேட்டதையும் பிறகு படித்துத் தெளிந்ததையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பரு உண்டாவது எப்படி?

நம் முகத்துத் தோலில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளையின் அடியிலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. பருவ வயதில் உடலில் ஹார்மோன்கள் பெருகும்போது இந்த எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வழக்கம்போல் வெளியே வந்துவிடாமல், எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடுகின்றன. கழிவுநீர்க் குழாயில் கசடு படிந்து அடைத்துக்கொள்வது போலத்தான்.

அடைப்பின் வாய் மூடியிருந்தால் தோலுக்கடியில் வெள்ளைக் குருணை போலத் தெரியும். வாய் திறந்திருந்தால் கருத்துத் தெரியும். அது அழுக்கு என்று எண்ணிச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. அடைபட்ட துளைக்குள் கிருமி பெருகி, சிவந்து, வீங்கிச் சீழ் கட்டினால் அதுவே நாம் பார்க்கும் பரு. அந்த வீக்கத்தின்போது தோலில் நிறம் உண்டாக்கும் செல்கள் தூண்டப்பட்டு, மெலனின் என்னும் கருநிறப் பொருளை அதிகமாகக் கொட்டிவிடுகின்றன. பரு போன பிறகும் அந்த நிறம் தங்கிவிடுகிறது. மாநிறமும் கருநிறமும் உடைய நம் மக்களுக்கு இது வெள்ளையரைவிட அதிகம் நேரும். பருவைக் கிள்ளினால் புள்ளி இன்னும் கருக்கும்.

கரும்புள்ளி வேறு, பள்ளமாக விழுந்த தழும்பு வேறு. புள்ளி நாளடைவில் மறையும். பள்ளம் க்ரீமால் நிரம்பாது. கன்னத்தில் இருபுறமும் படரும் மங்கு என்பதும் வேறு. அதற்கு வெயிலும் ஹார்மோனும் காரணங்கள். மூன்றையும் ஒன்றாக எண்ணி ஒரே ட்யூபை வாங்குவதிலிருந்தே பல தொல்லைகள் ஆரம்பமாகின்றன.

ரெட்டினாய்டு என்பது என்ன?

இது வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தோல் செல்கள் ஒழுங்காக வளர்ந்து உதிரவும் அது தேவை. அதற்காகக் காரட்டையும் முருங்கைக் கீரையையும் அதிகம் சாப்பிட்டால் பரு போய்விடாது. இந்த மருந்து வேலை செய்வது பூசிய இடத்தில்.

ட்ரெட்டினாயின் எனப்படும் வைட்டமின் ஏ அமிலத்தைப் பருவுக்குப் பூசிப் பார்த்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1969-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1971-இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அனுமதித்தது. பிறகு வந்தது அடாபலீன். 1996-இல் அங்கே அனுமதி பெற்றது. 2016 முதல் 0.1 சதவீத அடாபலீனை அந்த நாட்டில் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதனால்தான் அங்கிருந்து வரும் நம் உறவினர்கள் பெட்டியில் இதையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. துளைக்குள் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து அடைப்பைத் திறக்கின்றன, வீக்கத்தைக் குறைக்கின்றன, மேல்தோல் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் தங்கியிருக்கும் கருநிறமும் மெல்ல மெல்ல உதிர்கிறது. ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அடாபலீன் வெளிச்சத்தைத் தாங்கும். எரிச்சலும் சற்றுக் குறைவு. அழகு சாதனங்களில் வரும் ரெட்டினால் இவற்றைவிட வலுக் குறைந்தது. தோலுக்குள் போய் அமிலமாக மாறிய பின்புதான் அது வேலை செய்கிறது.

எவ்வளவு காலமாகும்? பரு குறைவது தெரிய ஏறக்குறைய 12 வாரம். கரும்புள்ளிக்கு அதைவிட அதிகம். கறுப்பின மக்கள் 54 பேரிடம், பருவும் புண்ணும் விட்டுச்சென்ற கருமைக்கு 0.1 சதவீத ட்ரெட்டினாயினை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சோதனை நடந்தது 40 வாரம். கருமை குறைந்தது உண்மை. மருந்து பூசியவர்களில் பாதிப் பேருக்குத் தோல் சிவந்து உரிந்ததும் உண்மை. நம் நிறத்துத் தோலில் அந்த எரிச்சலே புதிய கருமைக்கு வித்தாகலாம். ஆகவே நமக்குக் குறைந்த அளவில் தொடங்குவதே நல்லது.

பொன்முடியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓணம் விடுமுறையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொன்முடி போயிருந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு சென்று, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலையுச்சி. எங்களோடு வந்த பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். முகம் நன்கு வெளுத்துப் பளபளவென்றிருந்தது. எல்லாப் பெண்களும் என்ன பூசுகிறாய் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலையில் குளிர்ந்த காற்று. பனிமூட்டம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. வெயில் உறைக்கவே இல்லை. குடையை எல்லோரும் வண்டியிலேயே வைத்துவிட்டோம். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகள் புல்வெளியில் சுற்றினார்கள். அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு முகம் தீயாய் எரிந்தது. மறுநாள் சிவந்து வீங்கியது. பயந்துபோய் அதுவரை பூசிவந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பத்து நாளில் முகம் முழுவதும் பருக்கள் வெடித்துக் கிளம்பின. பழைய புள்ளிகள் இருந்த இடங்களெல்லாம் முன்னைவிடக் கருத்தன.

"மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கண் பட்டிருக்கும்" என்று சுற்றிப் போட்டார்கள். அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நிச்சயதார்த்தம் தள்ளிப் போயிற்று. உறவினர் சிலர் ஏன் என்று கேட்டவிதம் அந்தக் குடும்பத்தை மிகவும் புண்படுத்தியது. கடைசியில் அவள் தந்தை என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்களும் கூட வாருங்கள், டாக்டர் சொல்வது எனக்குப் பாதி புரியமாட்டேன் என்கிறது" என்றார்.

டாக்டரம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ட்யூபைக் கேட்டார்கள். நல்லவேளை, வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து அதை அவள் தாயார் எடுத்து வைத்திருந்தார். நான் வாங்கிப் படித்தேன். மூன்று மருந்துகள் அதில் இருந்தன: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது நிறம் உண்டாவதைத் தடுப்பது. இரண்டாவது நாம் பார்த்த ரெட்டினாய்டு. மூன்றாவது ஸ்டீராய்டு. இந்த மூன்றும் சேர்ந்த க்ரீமை மங்குக்கு, டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டுமே பூச வேண்டும். இந்தப் பெண் ஐந்து மாதம் தினமும் முகம் முழுவதும் பூசியிருக்கிறாள்.

ஸ்டீராய்டு முதலில் சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். முகம் வெளுத்துப் பளபளக்கும். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்தியவுடன் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். அவளுக்கு நடந்தது அதுதான். பொன்முடி வெயில் அதற்கு முந்திய அடி. மெலிந்த தோலின் மேல் மலைவெயில் நேராக விழுந்திருக்கிறது.

டாக்டரம்மா ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு வாரத்தில் இரண்டு இரவு மட்டும் அடாபலீன், பகலில் சன்ஸ்க்ரீன், குடை. ரெட்டினாய்டால் வந்த வினை என்று நினைத்திருந்த தந்தைக்கு, மீண்டும் அதையே எழுதிக் கொடுத்தது வியப்பாக இருந்தது. எட்டு மாதத்தில் முகம் தெளிந்தது. அதன் பிறகே நிச்சயதார்த்தம் நடந்தது.

குளிர்ந்த இடத்தில் வெயில் எங்கிருந்து வந்தது?

நமக்கு உடம்பில் சுடுவது ஒரு கதிர். தோலைக் கருக்குவது வேறு கதிர். சூட்டைத் தருவது அகச்சிவப்புக் கதிர். தோலைச் சிவக்கவும் கருக்கவும் செய்வது புற ஊதாக் கதிர். இதைக் கண்ணால் பார்க்கவோ உடம்பால் உணரவோ முடியாது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. பொன்முடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். மெல்லிய மேகமும் பனிமூட்டமும் இந்தக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. ஒன்று ஏப்ரல் இரண்டாம் வாரம், விஷுவையும் சித்திரைப் பிறப்பையும் ஒட்டி. மற்றொன்று ஆகஸ்டு கடைசி, ஓணத்தை ஒட்டி. நம் குடும்பங்கள் மலைக்குக் கிளம்பும் இரண்டு விடுமுறைகளும் அந்த நாட்களிலேயே வருகின்றன! கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் புற ஊதாக் கதிர் அளவைத் தினமும் ஊர்வாரியாக வெளியிட்டது. அளவு 11-க்கு மேல் போனால் சிவப்பு எச்சரிக்கை.

மலைத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்கள் குளிரானாலும் தலையையும் கன்னத்தையும் துணியால் மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெட்டினாய்டு பூசுகிறவர்கள் அவர்களைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

பூசும் முறை

பழுதுபார்த்து ஜல்லியைச் சலித்துப் போட்ட ரயில் பாதையில் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் விட்டு, ஜல்லி இறுக இறுகப் படிப்படியாக வேகத்தை ஏற்றுவோம். இந்த மருந்துக்கும் அதே விதி.

1. இரவில் மென்மையான சோப்பால் முகம் கழுவி, ஒற்றியெடுத்து, இருபது நிமிடம் நன்றாக உலர விடவும். ஈர முகத்தில் பூசினால் எரிச்சல் அதிகம்.

2. முகம் முழுவதுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகமெங்கும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களைத் தவிர்க்கவும். அதிகம் பூசினால் சீக்கிரம் குணமாகாது, சீக்கிரம் புண்ணாகும்.

3. முதல் இரண்டு மூன்று வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் பொறுத்துக்கொண்டால் தினமும். முகம் வறண்டால் மணமில்லாத ஈரப்பசை க்ரீமை மேலே பூசலாம்.

4. தொடக்கத்தில் லேசாக உரிவதும், பரு சற்று அதிகமாவது போலத் தோன்றுவதும் உண்டு. அதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம். ஆனால் கடுமையான எரிச்சலோ, வீக்கமோ, நீர் வடிவதோ கண்டால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் காட்டவும்.

5. பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன். 30 என்றால், சரியான அளவு பூசும்போது தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கே உள்ளே போகும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எல்லாவற்றிலும் மலிவான சாதனம் குடை.

6. பூசிவரும் காலத்தில் அழகு நிலையத்தில் வாக்ஸிங், பிளீச், மீசைப் பகுதியில் த்ரெடிங் ஆகியவை வேண்டாம். தோல் கையோடு வந்துவிடும். எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் கூடாது.

யார் தொடக்கூடாது?

கருவுற்றிருக்கும் பெண்களும் கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டு க்ரீமைத் தொடக்கூடாது. தோல் வழியாக உடலுக்குள் போவது மிகக் கொஞ்சம் என்றாலும், வேண்டாம் என்பதே டாக்டர்களின் முடிவு. தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே பூச வேண்டும். கடுமையான பருவுக்குச் சாப்பிடக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இதே இனத்தைச் சேர்ந்தது. அதைச் சாப்பிடும்போது கருத்தரித்தால் குழந்தைக்குப் பெரும் ஊனம் நேரக்கூடும். திருமண நாள் குறித்த பெண்ணுக்கு இந்த மாத்திரை கொடுக்கப்பட்டால், தாயார் தயங்காமல் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும். இதில் கூச்சம் பார்க்க வேண்டாம்.

ட்யூபைப் படியுங்கள்

நம் நாட்டில் 12 மருத்துவ மையங்களில் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. முகத்தில் தோல் தொந்தரவோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தவர்கள். தோல் டாக்டர்களின் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பேரில், இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இன்றி விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. ஆகவே நாமே படித்துக்கொள்ள வேண்டும். சேர்மானப் பட்டியலில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்தில் பூசக்கூடாது. ஏற்கெனவே பூசிவருகிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

சேர்மானமே அச்சிடாத க்ரீம் இன்னும் மோசம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை டாக்டர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை நோய் இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இத்தகைய க்ரீம்களில் கலக்கும் பாதரசமே காரணமாகக் கருதப்படுகிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்துப் பல க்ரீம்களைப் பறிமுதல் செய்தது.

நாட்டு மருந்துக்குத் தீங்கில்லை என்று எண்ணுவோரும் உண்டு. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போக அரிசியிலிருந்து எடுக்கும் பாக்குச்சியோல் என்ற பொருள், ரெட்டினாலுக்கு மாற்றாக இன்று வெளிநாட்டுக் க்ரீம்களில் வருகிறது. ஆனால் அந்த விதையிலேயே தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் சோராலென் என்ற பொருளும் உண்டு. சாலைக் கடைத்தெருவில் விதையை வாங்கி அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளிக்கலாம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் முகப்பரு என்று வந்தால் சிரித்து அனுப்பிவிடாதீர்கள். என்ன பூசுகிறாய் என்று கேட்டு, ட்யூபை வாங்கிப் படியுங்கள். நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒருமுறை அழைத்துப் போங்கள். எட்டு மாதம் பொறுக்க வேண்டிய காரியத்தை எட்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் எந்த ட்யூபையும் வீட்டுக்குள் விடாதீர்கள். நிறத்தை மாற்றுவதற்கென்று எதையும் பூசத் தேவையில்லை. நம் பிள்ளைகளின் நிறம் நல்ல நிறமே. பருவும் புள்ளியும் போனால் போதும்.